பென்சில் குறி போட்ட முட்டைகள்

மார்ச் 5

கோழிக்காக இல்லை. அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். "ஆமா, கோழிக்காகத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

போனில் அவன் சிரித்தான். "பொண்டாட்டி கோழிக்காக வராம இருக்கான்னு ஆபீஸ்ல சொன்னா நம்புவாங்களா? சரி, குஞ்சு பொரிச்சதும் வந்துடு. சாமான் கட்டணும்."

ஏப்ரல் பத்தாம் தேதி விமானம். அவனுக்கு வேறு நாட்டில் இரண்டு வருட வேலை. ஜனவரியில் ஒரு மாலை, ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "நாம போறோம். ஒத்துக்கிட்டேன்." நல்ல செய்தி சொல்கிறவனின் முகம். நான் "சரி" என்றேன்.

மருத்துவமனையில் குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒலி புகாத அறை, ஹெட்போன், சத்தம் வந்தால் கை தூக்க வேண்டும். சில குழந்தைகள் சத்தமே வராதபோதும் தூக்கும். எதிரில் இருப்பவருக்குப் பிடிக்கட்டுமே என்று. ரிப்போர்ட்டில் அதைத் தனியாகக் குறிப்போம்.

என் 'சரி'யை யார் குறிப்பது?

ஒரு வாரம் என்று லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். வாரம் முடிந்துவிட்டது, லீவை நீட்டிவிட்டேன். நேற்று அண்ணி கோழியை அடைவைத்தாள்.

மார்ச் 6

கூடு என்பது ஒரு பழைய லாரி டயர். அண்ணனின் பட்டறையிலிருந்து வந்தது. உள்ளே காய்ந்த புல், அதன்மேல் ஒன்பது முட்டைகள், அவற்றின்மேல் அகன்று தட்டையாகிப்போன கோழி. கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு உறுமுகிறது.

அண்ணி அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருக்கிறாள். "சீட்ட விட்டு எழுந்திருக்கவே மாட்டா. பக்கத்துல போனா மட்டும் கத்துவா."

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. மற்றக் கோழிகள் வந்து இதே கூட்டில் இட்டுவிட்டுப் போகுமாம். குறி இல்லாததை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா குழப்பம்தான். ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன."

மேலே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மார்ச் 8

நாளுக்கு ஒருமுறை எழுகிறது. அவசர அவசரமாகத் தின்று, குடித்து, மண்ணில் புரண்டு, திரும்ப ஓடுகிறது. மார்பில் இறகு இல்லை. தானே பிடுங்கிப் போட்டுவிட்டது, தோல் முட்டையில் படவேண்டுமே.

மார்ச் 11

குளியலறையை இருட்டாக்கி, செல்போன் விளக்கில் முட்டைகளைப் பார்த்தோம். ஆரஞ்சு வெளிச்சம், நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து கிளை பிரியும் சிவப்பு நூல்கள். புள்ளி அசைந்தது. அண்ணி என் தோளை இடித்தாள். "பாத்தியா, முழிச்சுக்கிட்டான்."

ஒன்று மட்டும் வெறும் மஞ்சள். "கூமுட்டை. வெளிய வச்சிடு, நாளைக்குப் புதைக்கலாம்." அண்ணி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இரவு அவன் கூப்பிட்டான். விசா வந்துவிட்டது. "கோழி என்ன சொல்லுது?" என்றான்.

மார்ச் 12

எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே மறந்துபோன மாதிரி நடிப்பேன்.

காலையில் மற்றக் கோழிகள் இட்ட முட்டைகளில் மூன்றை எடுத்தேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். மேனேஜர் தின்னப் போன நேரத்தில் டயருக்குள் வைத்தேன். கூடுதலாக ஒரு வாரம். எல்லாம் பொரிக்கும்வரை கோழி உட்காரும், கோழி உட்காரும்வரை நானும் உட்காரலாம். கூமுட்டையைத் தனியாகப் போய்ப் புதைத்தேன்.

முப்பது வயதாகப்போகிறது எனக்கு. முதுகலைப் பட்டம். ஒரு கோழியின் வயிற்றுக்கடியில் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

மார்ச் 19

இன்று அவன் கூப்பிடவில்லை. நிம்மதி. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 24

முட்டைக்குள்ளிருந்து சத்தம். காதில் வைத்துக் கேட்டேன். மெலிதாக, விட்டுவிட்டு, ஓட்டுக்குள்ளேயே கூப்பிடுகிறது. கோழி அடித்தொண்டையில் பதில் சொல்கிறது. இன்னும் முகம் பார்க்காத இரண்டு பேர், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பேசிக்கொள்கிறார்கள்.

நானும் அவனும் ஐந்து வருடமாக முகம் பார்த்தபடி.

மார்ச் 25

ஏழு! ஈரமும் எலும்புமாக வந்து, மதியத்துக்குள் பஞ்சாகிவிட்டன. ஒன்று ஓட்டில் ஓட்டை போட்டுவிட்டு நெடுநேரம் அசையவே இல்லை. பிய்த்துவிடக் கை நீட்டினேன். "சும்மா இரு, ரத்தம் வந்துடும்" என்று அண்ணி தட்டிவிட்டாள். அது தன் நேரத்துக்குத்தான் வந்தது.

அண்ணன் பட்டறையிலிருந்து க்ரீஸ் கையோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தான். "மேனேஜருக்கு ப்ரமோஷன் குடுத்துடலாம்."

என் கணவனுக்கு நான் சொல்லவில்லை. "இன்னும் சிலது பாக்கி இருக்கு" என்று மட்டும் செய்தி அனுப்பினேன். பொய் இல்லை.

மார்ச் 27

எழுந்துவிட்டது. காலையில் கூட்டைவிட்டு இறங்கி, ஏழு குஞ்சுகளையும் கூப்பிட்டுக்கொண்டு வெயிலுக்குப் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டயரில் நான்கு முட்டைகள். என்னுடையவை மூன்று, பொரிக்காமல் போன பழையது ஒன்று. தொட்டேன், இன்னும் சூடு இருந்தது.

கோழியைத் தூக்கிவந்து உட்காரவைத்தேன். இறங்கியது. மறுபடி தூக்கினேன். கொத்திவிட்டது, கையில் ரத்தம். குஞ்சுகள் வெளியே நின்று கத்தின. கோழிக்கு அவற்றின் சத்தம்தான் கேட்டது. முட்டைக்குள் இருந்தவை இன்னும் கத்தும் பருவத்துக்கு வரவில்லை.

அண்ணியிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். வாசல்வரை போனேன். என்ன சொல்வது? குறியைப் பற்றிக் கேட்பாள். ஏன் என்று கேட்பாள். அதற்கு வேறொன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்—

துணி போட்டு மூடிவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் திரும்ப உட்காருமோ என்று பார்த்தேன். குஞ்சுகளோடு கோழிக்கூண்டின் மூலையில் ஒடுங்கிக்கொண்டது.

மார்ச் 28

முட்டைகள் கல் மாதிரி குளிர்ந்துகிடந்தன.

டயரைச் சுத்தம் செய்ய வந்த அண்ணி துணியை விலக்கினாள். விரல்விட்டு எண்ணினாள். "ஒன்பது வச்சேன். ஒண்ணு கூ. ஏழு பொரிச்சுது. பாக்கி நாலா? உன் காலேஜ்ல இப்படித்தான் கணக்கு சொல்லிக் குடுத்தாங்களா?"

ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். "என் குறி இவ்வளவு அழகா இருக்காதே."

"நான்தான் வச்சேன், அண்ணி. அப்புறமா."

அவள் கல்லில் தட்டி உடைத்தாள். உள்ளே ஒரு முழுக் குஞ்சு. நனைந்த மென்மயிர், மூடிய கண், மடக்கிய கால். நான் பார்த்தேன். பார்க்கத்தானே வேண்டும்.

"நேத்தே சொல்லியிருந்தா பெட்டியில பல்பு போட்டு வச்சிருக்கலாமேடி. இவ்வளவு தூரம் வந்துட்டுது." குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. அப்புறம் கேட்டாள், "எதுக்கு வச்ச?"

சொன்னேன். ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும், அந்தச் 'சரி'யையும் சேர்த்து. அழுதுகொண்டே, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

அண்ணி ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கினாள். "இங்க இருக்கணும்னா இருன்னு சொல்ல எனக்கு வாய் இல்லையா? இதுக்குப் போயி கோழிய ஏமாத்திருக்க." பிறகு, "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த மனுஷன் அங்க உன் புடவையையும் சேத்து மடிச்சுக்கிட்டு இருப்பாரு."

மரத்தடியில் குழி தோண்டி நான்கையும் போட்டு மூடினேன். கை கழுவினேன். அவனைக் கூப்பிட்டேன்.

"நான் வரல."

"என்ன, கோழி இன்னும் எழுந்திருக்கலையா?"

"கோழி எழுந்திருச்சு. நான்தான் வரல. அந்த ஊருக்கே வரல."

மறுமுனையில் டேப் ஒட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றது.

"எப்ப முடிவு பண்ணின?"

"நீ சொன்ன அன்னைக்கே."

"அன்னைக்கு சரின்னு சொன்னியே."

"நீ என்னைக் கேக்கலையே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

நகத்துக்குள் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினேன்.

"ரெண்டு மாசம்டி. வீட்டக் காலி பண்றதா எழுதிக் குடுத்துட்டேன்" என்றான். வைத்துவிட்டான்.

ஏப்ரல் 3

எங்கள் வீட்டுக்குப் போனேன். வீடு முழுக்கப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் என் பெயரும் அவன் பெயரும் சேர்ந்து. அதில் என் பெயரை அவனே அடித்தான். ஒரு பெட்டியில் மட்டும் அவன் பெயரை நான் அடித்தேன். இருவருக்குமே சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"கோவமா இருக்கேன்" என்றான்.

"தெரியுது."

"இருந்துட்டுப் போறேன். நீ எதுவும் சமாதானம் சொல்லாத."

சொல்லவில்லை. அவன் சட்டைகளை மடித்துக் கொடுத்தேன். திரும்பி வந்த பிறகு என்ன என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இது கேட்காமல் விட்டது. சொல்லாமல் மறைத்தது இல்லை.

ஏப்ரல் 10

விமான நிலையத்துக்குப் போனேன். தள்ளுவண்டியைப் பாதி தூரம் நான் தள்ளினேன். "போயிட்டு எழுதட்டுமா?" என்று கேட்டான். யோசித்தேன். அவன் காத்திருந்தான். "எழுது" என்றேன்.

திரும்பும் வழியில் வீட்டுக்காரம்மாவைப் பார்த்து, வீட்டைக் காலி செய்யவில்லை என்றேன். "சாரும் இருக்காரா?" என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். மேலே போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஒரு பெட்டியைப் பிரித்துப் பாத்திரத்தை எடுத்து, டீக்குத் தண்ணீர் வைத்தேன்.