ஏன் என்று கேட்காத இரண்டு நிமிடங்கள்

ஜூன் 12, வியாழன்

சாப்பாட்டு வேளையில் புது நர்ஸ் கேட்டாள், சனிக்கிழமை வந்தால் அப்படி எங்கேதான் ஓடுகிறேன் என்று. சொன்னேன். எங்கள் சங்கத்தில் முப்பத்தொரு வழித்துணைகள். மாதம் ஒரு மணி நேரம் ஒருவர் வந்து தன் வாழ்க்கையிலும் ஜெபத்திலும் நடப்பதைச் சொல்வார். வழித்துணை எதிரே உட்கார்ந்து கேட்பார். ஆலோசனை கிடையாது, பிரசங்கம் கிடையாது, சம்பளமும் கிடையாது.

"சும்மா கேக்கிறதுக்கு ஒரு சங்கமாக்கா?" என்றாள்.

கேட்பதற்குத்தான் சங்கம் வேண்டும், பேசுவதற்கு யாருக்கு வேண்டும்? வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு "ஆமாம்மா" என்றேன். ஒன்பது வருடப் பயிற்சி. முன்பெல்லாம் எனக்கு நாக்கு நீளம். வீட்டில் இன்னும் குறையவில்லை என்பது என் வீட்டுக்காரர் கட்சி.

ஆஸ்பத்திரியில் நான் படம் எடுக்கும் எக்ஸ்ரே அறையிலும் அதே பாடுதான். எலும்பு உடைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். "டாக்டர் சொல்வார்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஜூன் 14, சனி

பொறுப்பாளர் கூட்டம். ஆலயத்துப் பின்கட்டு அறையில் வழக்கம்போல் மூன்று பேர்: தலைவர் கண்ணாடிக்கடை அக்கா, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், நான். செப்டம்பர் தியான முகாம் பற்றிப் பேசி முடித்ததும் அக்கா தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் விலகிக்கலாம்னு இருக்கேன். தலைமையை மட்டும் இல்ல. ஆளுங்களைப் பாக்கிறதையும் விட்டுடலாம்னு."

ஒருவர் கனமாக ஏதாவது சொன்னால் இரண்டு நிமிடம் மௌனம் — எங்கள் முறை அது. பிறகு அவராக மேலே சொன்னால் கேட்போம். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. 'தோண்டாதே' — பயிற்சியின் முதல் நாள் அக்காவே பலகையில் எழுதுவது. ஏன் என்று கேட்டால் வந்தவர் ஆண்டவரை விட்டுவிட்டு நமக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார் என்பார்.

போஸ்ட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நானும். இரண்டு நிமிடம் ஆனது. திறந்தபோது அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் பார்த்தார்.

"உங்க தீர்மானத்தை மதிக்கிறோம்," என்றார் போஸ்ட்மாஸ்டர். நான் தலையாட்டினேன்.

"சரி," என்று அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அடுத்து, உடைந்த நாற்காலிகள் பற்றிப் பேசினோம்.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தன் கண்டக்டர் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார்.

"யாராவது இருங்கன்னு சொன்னீங்களா?"

"நாங்க அப்படிச் சொல்ல மாட்டோம்."

"என் பஸ்ல ஒரு அம்மா இறங்குற இடம் வரதுக்கு முன்னாடியே எந்திரிச்சு நின்னா, என்னம்மா, உடம்புக்கு முடியலையான்னு கேப்பேன். நீங்க ரெண்டு பேரும் கதவைத் திறந்து விட்டிருக்கீங்க."

"எங்க விதி வேற," என்றேன்.

"பஸ்ஸுக்கும்தான் விதி இருக்கு," என்று காலரைத் திருப்பினார்.

ஜூன் 28, சனி

அக்காவுக்கு விடைகொடுத்தோம். முப்பது பேரும் கையெழுத்துப் போட்ட அட்டை. கேக். அட்டையை நானே வாசித்தேன். "சங்கத்தைப் பத்திரமா பாத்துக்கோ" என்றார், அவ்வளவுதான். வழக்கமாக அந்தக் கட்டடமே அதிரச் சிரிக்கிறவர்.

இனி தலைமை நான். வருகிறவர்களுக்கு ஏற்ற வழித்துணையைப் பார்த்துச் சேர்த்துவைப்பது என் பொறுப்பு. "கல்யாணத் தரகர் ஆயிட்டேன்னு சொல்லு," என்கிறார் இவர்.

ஜூலை 1, செவ்வாய்

தலைவர் என்று என் பெயர் போட்ட கடிதத்தாள் அச்சாகி வந்தது. இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். சரி, நான்கு முறை.

ஜூலை 10, வியாழன்

அக்காவிடம் வந்துகொண்டிருந்தவர்கள் ஆறு பேர். ஐந்து பேருக்கு வேறு துணை ஏற்பாடாகிவிட்டது. ஆறாவது, நூலகத்தில் வேலை பார்க்கும் பெண். மூன்று வருடத்துக்கு முன் எட்டு வயது மகனை நோயில் பறிகொடுத்தவள். போனில் பேசினேன்.

"எனக்கு வேற யாரும் வேண்டாம். அவங்க ஏன் நிறுத்தினாங்க?"

"தெரியலம்மா."

"நீங்க கேக்கலையா?"

கேட்காதது எங்கள் முறை என்றா சொல்வது? அடுத்த வியாழன் ஒரு தடவை நேரில் வாருங்கள் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

அறையில் கேட்டதை நான் எழுதுவதில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த நோட்டு என் அலமாரியை விட்டு வெளியே போகாது.

மே மாதக் கடைசி. மகனின் கடைசி நாளைப் பற்றி நூலகப் பெண் அக்காவிடம் சொல்ல ஆரம்பித்தாளாம். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கணவனிடம்கூட. தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிமிர்ந்தால், அக்கா தூங்கிக்கொண்டிருக்கிறார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து.

"எனக்குக் கோபமே வரல. பிள்ளை போனதுலேர்ந்து என் பக்கத்துல யாரும் நிம்மதியா உக்காந்ததே இல்ல. எல்லாரும் பயந்து பயந்துதான் உக்காருவாங்க. அவங்க பாட்டுக்குத் தூங்கினதும் எனக்கு மூச்சு வந்துச்சு. கால் மணி நேரம் அவங்களையே பாத்துகிட்டிருந்தேன். எழுப்ப மனசு வரல. கதவை மெதுவா சாத்திட்டுப் போயிட்டேன்."

அடுத்த முறை மிச்சத்தைச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறாள். அதற்குள் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல், பிறகு விலகிவிட்டார் என்று என் கடிதம்.

"நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவங்க பேர் கெட்டுடும்," என்றாள். சத்தியம் பண்ணாத குறையாகத் தலையாட்டினேன்.

அப்படியானால் அக்கா கண் விழித்தபோது எதிர் நாற்காலி காலியாக இருந்திருக்கிறது. அவர் என்ன நினைத்திருப்பார்? அதைச் சொல்லத்தான் அன்று கண்ணாடியைக் கழற்றி வைத்தாரா? நாங்கள் என்ன செய்தோம் — கண்ணை மூடிக்கொண்டோம்.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்த இரண்டு நிமிடத்தில் நான் ஜெபிக்கவில்லை. அக்கா போனால் அடுத்து யார் என்று பார்த்தேன். போஸ்ட்மாஸ்டருக்கு எழுபத்தைந்து வயசு, அவர் ஏற்க மாட்டார், அப்போ நான்தான் — அப்படித்தான் ஓடியது. ஏன்னு கேட்டிருந்தா அவங்க இருந்திருப்பாங்க. இருந்துடுவாங்களோன்னுதான் கேக்கல. விதியாம், விதி. என்ன பொம்பளை நான்.

ஜூலை 19, சனி

மே மாதம் அடுத்த தெருவுக்கு மாறிய அக்காவின் கடைக்கு இன்றுதான் முதல் தடவை போகிறேன். அக்கா ஒரு பெரியவரின் கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் போகும் வரை நின்றேன்.

"ஏன்க்கா விட்டீங்க?"

"தோண்டக் கூடாது," என்றார், பாதிச் சிரிப்போடு.

"தோண்டத்தான் வந்திருக்கேன்."

மிச்சத் திருகாணிகளை டப்பாவில் போட்டார். பிறகு சொன்னார்.

"கடை மாத்தின வாரம். மூணு நாளாச் சரியாத் தூக்கமில்ல. அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப் போட்டிருக்கணும், வீம்பு. கண்ணு முழிச்சா எதிர்ல ஆள் இல்ல. மெழுகுவத்தி மட்டும் எரியுது. பிள்ளையைப் பறிகொடுத்தவ பேசிகிட்டிருக்கா, நான் தூங்கியிருக்கேன். இயேசு ஜெபிக்கிறப்போ தோட்டத்துல தூங்கின சீடர்களைப் பத்தி எத்தனை தியானம் நடத்தியிருப்பேன், சொல்லு."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"அன்னிக்குச் சொல்லத்தான் வந்தேன். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொட்டியிருப்பேன். ரெண்டு பேரும் கண்ணை மூடிட்டீங்க. சரி, அந்தப் பொண்ணு சொல்லிட்டா போல, எல்லாருக்கும் தெரிஞ்சுதான் யாரும் கேக்கலைன்னு நினைச்சுகிட்டேன்."

தெரியாது அக்கா, அவளுக்குக் கோபமும் இல்லை, அவள் உங்களைத்தான் தேடுகிறாள் — எல்லாம் நுனிநாக்கில் நிற்கிறது. சொல்லக் கூடாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்ல உரிமையுள்ளதை மட்டும் சொன்னேன்.

"யாருக்கும் எதுவும் தெரியாதுக்கா. நான் கேக்காததுக்குக் காரணம் வேற. உங்க இடம் எனக்கு வேணும்னு இருந்துச்சு."

அக்கா டப்பாவை மூடினார். முகத்தில் இருந்த பாதிச் சிரிப்பும் போய்விட்டது.

"கிளம்புங்க. கடைக்கு ஆள் வர நேரம்."

கிளம்புங்க. ஒன்பது வருடமாக என்னை 'நீ' என்றே கூப்பிட்டவர்.

ஜூலை 20, ஞாயிறு

"போன காரியத்தோட நிறுத்தியிருக்கலாம்ல," என்றார் இவர். பிறகு, கேட்காமலே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அழுதேன். அதிக நேரம் இல்லை.

ஜூலை 24, வியாழன்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அங்கே கேட்டதை இங்கே சொல்ல முடியாது, இங்கே கேட்டதை அங்கே சொல்ல முடியாது. நூலகப் பெண் இன்று மறுபடியும் வந்தாள்.

கிளம்பும்போது சொல்லிவிட்டேன்: "நீங்களே போய் அவங்களைப் பாருங்க. கடை அடுத்த தெருவுக்கு மாறியிருக்கு."

ஒன்பது வருடத்தில் என் முதல் ஆலோசனை. பயிற்சியில் இருந்தால் என்னை ஃபெயிலாக்கியிருப்பார்கள்.

அவள் வாசலில் நின்று யோசித்தாள். "எனக்கும் கண்ணு பவர் டெஸ்ட் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள்.

ஆகஸ்ட் 2, சனி

கூட்டம், இரண்டே பேர். காரணம் எதையும் சொல்லாமல், அன்று அக்காவிடம் ஏன் என்று நாம் கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். போஸ்ட்மாஸ்டர் இரண்டு நிமிடத்துக்கு மேலேயே எடுத்துக்கொண்டார்.

"மதிக்கிறோம்னு சொன்னேன். பயம் அது. அவங்க அழுதுட்டா என்ன செய்யறதுன்னு தெரியல," என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அக்காவின் போன். மாலை, நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது.

"பதினாலாம் தேதி நாலு மணிக்கு அறை வேணும். ஒருத்தருக்கு மட்டும்."

"எடுத்துக்குங்கக்கா."

"தலைமைக்கு நான் வரல. அதை நீங்களே வச்சுக்குங்க."

குத்தியது. குத்தட்டும், சரியான இடம்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அரை நாள் லீவு போட்டு நானே அறையைத் திறந்து பெருக்கினேன். இரண்டு நாற்காலி, மெழுகுவர்த்தி, தண்ணீர். அக்கா முதலில் வந்தார். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார், மறுபடியும் கழுவினார். நூலகப் பெண் நான்கு மணிக்கு வந்தாள். புதுக் கண்ணாடி. கதவு மூடியது.

நான் வெளியே பதிவு நோட்டோடு உட்கார்ந்தேன். ஐந்து மணி ஆயிற்று. ஐந்து பத்து. எங்கள் விதிப்படி ஒரு மணி நேரம்தான். கதவைத் தட்டும் பொறுப்பு தலைவருடையது. நான் தட்டவில்லை. ஐந்தரைக்குத் திறந்தது. அந்தப் பெண்ணின் கண் சிவந்து வீங்கியிருந்தது. "வரேங்க்கா" என்று என்னிடமும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அக்கா நாற்காலியைச் சுவரோடு நகர்த்திவிட்டு வந்தார்.

"முடியல. மிச்சம் இருக்கு. அடுத்த வியாழன் இதே நேரம் அறை காலியா பாருங்க."

இன்னும் 'பாருங்க'தான். நோட்டைத் திருப்பினேன். அடுத்த வியாழன், நான்கு மணி, என் கையெழுத்தில் என் பெயர். என்னிடம் வரும் ஒருவருக்காக எப்போதோ போட்டுவைத்தது.

"காலிதான்க்கா," என்றேன்.

அக்கா என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். நோட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது எனக்கும் தெரியும்.

"சரி, எழுதிக்குங்க," என்றார்.

என் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் அவர் பெயரை எழுதினேன். எழுதி முடிக்கும் வரை அக்கா அங்கேயே நின்றார்.