சிவப்பு விழுந்தால் சாவியைத் திருப்பு

பிப்ரவரி 3
இன்றும் நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. கடவுள் இருக்கிறார்! நடுவில் போக்குவரத்துப் போலீஸ் தொப்பியோடு என் வீட்டுக்காரி. வழக்கம்போல ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பஸ்ஸை உறுமவிட்டேன். கல்யாணமான புதிதிலிருந்து அதுதான் என் வணக்கம். முறைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அண்ணே, அண்ணிக்கு சலாம் போட்டாச்சுன்னா கிளம்பலாமா?" என்றார் கண்டக்டர்.

பிப்ரவரி 6
இரவெல்லாம் இருமினாள். கேட்டால் தூசியாம்.

பிப்ரவரி 11
டாக்டரிடம் போனோம். வண்டிப் புகையாம். "இப்படியே நின்னா மூச்சிரைப்பு கூடவே தங்கிடும். ஆபீஸ்ல வேலை கேளுங்கம்மா."

வெளியே வந்து அழுதாள். அந்தச் சந்தி அவளுக்கு உயிர். "ஸ்கூல் பிள்ளைங்களை யாருங்க ரோடு தாண்ட வைப்பா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "எவன் வண்டி புகை விடுதுன்னு சொல்லு. உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "உங்க வண்டிதாங்க. உறுமவிடும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் சிரிக்கிறேன்."

"புகைக்குழாய் பின்னாடில்ல இருக்கு?"

"காத்து உங்களைக் கேட்டுக்கிட்டா வீசும்?"

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"ஆசையா பண்றீங்களே..."

ஐயோ. நானெல்லாம் ஒரு மனுஷனா?

பிப்ரவரி 12
சிவப்பு விழுந்ததும் இன்ஜினை அணைத்தேன். பச்சை விழுந்தது. கிளம்பினால்தானே! கிழட்டு பேட்டரி காலை வாரிவிட்டது. பின்னால் ஹாரன் கச்சேரி. பயணிகள் என் பரம்பரையையே திட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார்கள். இவளும் ஓடிவந்து தோள் கொடுத்தாள்.

"லூசா நீங்க?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பிப்ரவரி 14
டிப்போ மேனேஜரிடம் செம டோஸ். மெக்கானிக்கைக் கெஞ்சிக் கூத்தாடி பேட்டரியை மாற்றினேன். "பொண்டாட்டிதாசன்" என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஆமாம், இப்போ என்னவாம்?

பிப்ரவரி 20
அவளே ஒரு சைகை கண்டுபிடித்திருக்கிறாள். சிவப்பு விழுந்ததும் கையை நீட்டி, சாவியைத் திருப்புவதுபோலத் திருப்புகிறாள். முதலில் ஆட்டோக்காரர் ஒருவர் அணைத்தார். லாரிக்காரர் மட்டும், "பைத்தியமா இந்தம்மா?" என்றார். இறங்கிப்போய் இரண்டு வார்த்தை கேட்கலாமென்று எழுந்தேன். கண்டக்டர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

மார்ச் 18
காலையில் பிள்ளைகள் நேரத்துக்கு மட்டும் சந்தி, அதுவும் முகமூடியோடு. மற்ற நேரம் ஆபீஸ். டாக்டர் அவ்வளவுதான் சம்மதித்தார். இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

இன்று சிவப்பு விழுந்தது. அவள் கையைத் திருப்பினாள். நான், ஆட்டோக்காரர், அந்த லாரிக்காரர்கூட, எல்லாரும் அணைத்தோம். அந்தச் சந்தியின் இரைச்சலில், நடுவில் நின்று அவள் பேசி இதுவரை என் காதில் விழுந்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. முகமூடியை இறக்கி, சாதாரணமாகத்தான் கேட்டாள்: "ஏங்க, சாப்பிட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் முழுக்கப் பதில் சொன்னது: "சாப்பிட்டாரும்மா!"