இஸ்ஸா, ஆரா?

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து சாரல். யூனிபார்ம் காயவில்லை. இஸ்திரி போட்டே காய வைத்தேன். டியூட்டி ஏழு முதல் மூன்று.

தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இது மூன்றாவது தடவை. இதுவும் போனால் அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி என் இடத்தை வேறு நர்ஸுக்குக் கொடுத்துவிடும். இரண்டு தடவையும் என்னைக் கவிழ்த்தது ஒரே பகுதிதான்: எழுத்துத் தேர்வில் வரும் ஆங்கில இலக்கணக் கேள்விகள். கோடிட்ட இடம், நான்கு விடை, ஒன்றைத் தொடு. பேசுவது, கேட்பது, வாசிப்பது எல்லாம் எப்போதோ தேறியாயிற்று.

வார்டில் பதினோரு வருடம். அழுகிற பச்சைக் குழந்தைக்கும் ஒரே குத்தில் நரம்பு பிடிப்பேன். கோடிட்ட இடத்தில் இஸ்ஸா (is) ஆரா (are) என்று கேட்டால் மட்டும் தடுமாறிவிடுகிறேன். வெட்கக்கேடு.

குடும்பத்தோடு போகலாம் என்று ஏஜெண்ட் சொன்ன நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சு. பிள்ளைகள் அந்த நாட்டுக்கு ஐஸ் ஊர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சின்னவன் பக்கத்து வீட்டில் போய், "நாங்க நாலு பேரும் ஐஸ் ஊருக்குப் போவுதோம்" என்று அறிவித்துவிட்டு வந்திருக்கிறான்.

வாங்க: உளுந்து, பெரியவளுக்கு நாலு கோடு நோட்டு, எனக்குப் பென்சில்.

ஜூன் 18, புதன்

மாதிரித் தாள். இருபதுக்கு ஒன்பது.

ரஹ்மத் இருபதுக்குப் பதினாறு. என்னோடு வேலை பார்ப்பவள், வடகரைக்காரி, என்னைவிட ஆறு வயது சின்னவள். அவளுக்கு இதுதான் முதல் தடவை. பொறாமைதான். காட்டிக்கொள்ளவில்லை.

என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "யக்கா, கோட்டுக்குப் பக்கத்துல எந்த வார்த்தை நிக்கோ, அதப் பாத்தே நீங்க விடை போடுதீங்க."

வேறு எதைப் பார்ப்பதாம்? கேட்கவில்லை. கேட்டால் இன்னும் அசடு வழியும்.

ஜூன் 20, வெள்ளி

லீவு. காற்று, வெயில், மறுபடி காற்று.

வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிற வேலை. பசி தாங்க மாட்டார். பஸ் பிடித்துப் போனேன். கையில் புதன்கிழமைத் தாள்.

போன இடத்தில் ஒரே கூச்சல். கடைக்காரர் ஒருவர் டெம்போவைப் பார்த்து, "ஏலே, தக்காளிப் பெட்டி எங்கலே நிக்கி?"

"பெட்டி அங்கன இறங்கிட்டு அண்ணாச்சி."

அப்படியே நின்றுவிட்டேன். தாளில் நான் தப்புப் போட்ட ஏழாவது கேள்வி இதுதானே:

The box of tomatoes ___ heavy.

நான் போட்டது ஆர். சரியான விடை இஸ்.

தக்காளிப் பெட்டி கனக்கிறது. நம்மிடம் பெட்டி கடைசியில், வினைக்கு ஒட்டி நிற்கிறது. கனப்பது பெட்டி என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆங்கிலத்தில் பெட்டி முதலிலேயே போய் நின்றுகொள்கிறது. தக்காளி நடுவில் புகுந்து வினையை ஒட்டிக்கொள்கிறது. முப்பத்துநாலு வருடமாக, வினைக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் முதலாளி என்று பழகிய காது என்னுடையது. அங்கே முதலாளி முன்னால் இருக்கிறார். பக்கத்தில் நிற்பது அவர் சரக்கு.

தாளை அங்கேயே விரித்துப் பார்த்தேன். தப்பான பதினொன்றில் எட்டு இதே தப்பு. மருந்துப் பட்டியல், நோயாளிகளின் வரிசை, சாவிக் கொத்து. எல்லாவற்றிலும் கடைசி ஆளைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். நான் முட்டாள் இல்லை. நான் செய்தது தமிழ்.

அவர் மூட்டையை இறக்கிவிட்டு வந்தார். "ஏட்டி, வழியில நின்னு என்ன முணுமுணுக்கே?"

"பெட்டி முன்னால நிக்கிங்க."

"எந்தப் பெட்டி?"

"எல்லாப் பெட்டியும்."

"கிறுக்கு புடிச்சிட்டா உனக்கு?"

அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். தூக்கைக் கொடுக்காமலே பஸ் ஏறப் போய், அவர் கூப்பிட்டுத் திரும்பினேன்.

ஜூன் 22, ஞாயிறு

அருவிக்குக் கூட்டிப்போவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ரஹ்மத்தும் வந்தாள். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, ஆனால் கூட்டம். தலையில் விழுந்த தண்ணீரில் கழுத்து இன்னும் வலிக்கிறது.

ஈரத்தலையோடு மிளகாய் பஜ்ஜி. ரஹ்மத் போனைப் பார்த்து ஒரு கேள்வி வாசித்தாள். அவளாகவே ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டாள்:

Having bathed in the falls, my shirt was gone.

"இதுல குளிச்சது யாரு யக்கா?"

"நான்தான்."

"இல்ல. சட்டை! கமாவுக்கு அந்தப் பக்கம் முதல்ல யாரு வாராவளோ, அவங்கதான் குளிச்சிருக்கணும்."

சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இதென்ன அநியாயமான விதி, நாம் இப்படித்தானே பேசுகிறோம் என்று சண்டைக்குப் போனேன். விடை சொல்ல ஓர் ஆளே வந்து சேர்ந்தார். துண்டோடு ஒருவர், ஈரம் சொட்ட, போலீஸ்காரரிடம் கத்துகிறார்: "குளிச்சிட்டு வந்து பாத்தா சட்டையக் காணோம் சார்!"

அந்தப் 'பாத்தா'தான் விடை. குளித்ததும் அவர், வந்ததும் அவர், பார்த்ததும் அவர். அதற்குப் பிறகுதான் சட்டை உள்ளே வருகிறது. 'குளித்துவிட்டு வந்து சட்டை காணாமல் போனது' என்று சொல்லிப் பார்த்தேன். நாக்கே ஒப்பவில்லை. சட்டை குளித்த மாதிரிதான் இருக்கிறது.

அந்த மனிதர் குளிரில் நடுங்குகிறார். கோபத்தில் உதடு துடிக்கிறது. அப்போதும் அந்த ஒரு வார்த்தை இடம் தவறவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பள்ளிக்கூடத்தில் இல்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை, தினம் நூறு தடவை சொல்கிறேன். அங்கே ஏதோ ஓர் ஊரில் யாரோ தங்கள் பாட்டுக்கு எழுதி வைத்த விதி இங்கே துண்டு கட்டிய மனிதர் வாயில் இருக்கிறது. உடம்பு சிலிர்த்தது. சாரல் மேல் பழி போட மாட்டேன்.

ரஹ்மத் என்னையே பார்த்துவிட்டு, "யக்கா, பஜ்ஜி ஆறுது" என்றாள்.

ஜூன் 28, சனி

திருநெல்வேலியில் தேர்வு. முதல் பஸ்.

தடுமாறவில்லை. நீளமான வாக்கியம் வந்தபோதெல்லாம் நடுவில் நிற்பவர்களை விரலால் மறைத்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு தெரிவது போல முதலாளி தெரிந்தார். எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு தடவை என்னை அழவைத்த மொழி. அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

மதியம் சாப்பாடு சுமார். ரசம் நன்றாக இருந்தது.

ஜூலை 9, புதன்

தேறிவிட்டேன். ரஹ்மத்தும்.

அவரிடம் போனில் சொன்னேன். பின்னால் மார்க்கெட் சத்தம். "நெசமாவா?" என்றார். பிறகு யாரிடமோ, "ஏலே, எம் பொண்டாட்டி பாஸாயிட்டா!"

சின்னவன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே தூங்குகிறான். வேர்த்து ஊற்றுகிறது. கழற்ற விடவில்லை.

ஜூலை 17, வியாழன்

சாரல் இல்லை. தெளிந்த வானம், மலை பக்கத்தில் வந்த மாதிரி.

ஆஸ்பத்திரிக் கடிதம் மெயிலில் வந்தது. அவர் வரும்வரை திறக்கவில்லை. கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "படி. நிதானமாப் படி." ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வேலை, வார்டு, சேர வேண்டிய நாள். பிள்ளைகள் இரண்டும் மடியில். மூன்றாவது பத்தி:

Neither your husband nor your children are permitted to join you for the first two years.

கண் நேராக வினைக்குத்தான் போனது. நெய்தர், நார் என்று வந்தால் வினைக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் முதலாளி, தமிழைப் போலவே. பக்கத்தில் சில்ட்ரன். பன்மை. அதனால் ஆர். சரி. எவ்வளவு சுத்தமான வாக்கியம் என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

பிறகுதான் அந்தச் சில்ட்ரன் யார் என்று உறைத்தது: முதல் இரண்டு வருடம் அவரும் கூட வர முடியாது, மடியில் இருக்கிற இந்த இரண்டும் வர முடியாது.

"என்னட்டி நிறுத்திட்டே?" என்றார். "தப்பா எழுதியிருக்கானா?"

"இல்லங்க," என்றேன். "ஒரு தப்பும் இல்ல."