ஷேருவைப் பூனை என்ற ஆன்ட்டிக்கு

அன்புள்ள ஆன்ட்டி,

நேற்று சித்தி மகளுக்குக் கிரேயான் வாங்கக் கேம்ப் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் அந்த மெழுகு வாசனையில் உங்கள் அறை கண்முன் வந்துவிட்டது. தாழ்வான மேசை, வெளியே ஆட்டோ சத்தம், தரையில் சம்மணமிட்டு நீங்கள். நீங்கள் இறந்துவிட்டதாக அம்மா சொன்னபோது வராத அழுகை அந்தக் கடையில் வந்தது.

அப்போது எனக்கு ஏழு வயது. டியூஷன் சார் என்னிடம் தவறாக நடந்ததை அம்மாவிடம் சொன்னேன், வழக்கானது. அம்மா சொல்லிக்கொடுத்துத்தான் பேசுகிறேன் என்றது அவர் தரப்பு. நாங்கள் குடியிருந்த போபோடியில் எங்கள் சந்திலும் பாதிப் பேர் அப்படித்தான் பேசினார்கள். என்னோடு பேசிப் பார்த்து அறிக்கை தரும்படி, உளவியல் நிபுணரான உங்களிடம் கோர்ட் அனுப்பியது.

முதல் நாள் எங்கள் நாய் ஷேருவைப் பற்றி நிறையச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, உங்க பூனை ஷேரு எங்க தூங்கும்?" என்றீர்கள்.

"அரே ஆன்ட்டி, ஷேரு நாய்! பூனை எங்கனா குரைக்குமா?"

"பெரியவங்கள எதிர்த்துப் பேசாதடி," என்று அம்மா தோளில் தட்டினாள்.

"பேசட்டும்மா. நான் தப்பாச் சொன்னா இவ திருத்தணும். அதுக்குத்தான் பூனைன்னு சொன்னேன்," என்று சிரித்தபடி அம்மாவை வெளியே உட்காரச் சொன்னீர்கள்.

பிறகு வந்த நாட்களில் நான் வரைந்தேன், பேசினேன். "அப்புறம்?" என்பதற்கு மேல் நீங்கள் அதிகம் கேட்டதில்லை. ஒருநாள் நானே கேட்டேன்: "நான் சொல்றத நம்புறீங்கதானே?"

"நீ சொல்றதக் கேக்கறதுதான் கண்ணு என் வேலை."

கோபத்தில் பச்சைக் கிரேயானை உடைத்தேன். நீங்கள் திட்டவில்லை, தேற்றவும் இல்லை.

கோர்ட்டில் டியூஷன் சார் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவருடைய வக்கீல் கொடுத்த கேள்வியை ஜட்ஜம்மா ஹிந்தியில் மெதுவாகக் கேட்டார்: இதெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்ததுதானே?

"அது தப்பு," என்றேன். "அம்மாவுக்கு எதுவும் தெரியாது. நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன்."

அவருக்குத் தண்டனை கிடைத்தது. அன்று மாலை அம்மா, வெகு நாளைக்குப் பிறகு, பக்கத்து வீட்டு வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தாள்.

நம்புகிறேன் என்று நீங்கள் சொல்லியிருந்தால், உங்களுக்குப் பிடிக்கும்படி பேசத் தொடங்கியிருப்பேன். பத்தாவது படிக்கும் இப்போதுதான் அது புரிகிறது. அன்று நான் சொன்னதில் ஒரு சொல்கூட நீங்கள் கொடுத்ததில்லை. அதனால்தான் ஆன்ட்டி, அந்தக் குரல் இன்னும் என்னுடையதாகவே இருக்கிறது.