குனிந்து நன்றி சொன்ன வக்கீல்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. தண்ணி லாரி வரவில்லை. புதன்கிழமை கோர்ட். லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் மூஞ்சி போன போக்கு! தி.நகர் புடவைக் கடையில் நிற்கிறவளுக்குக் கோர்ட்டில் என்ன வேலையாம். வீட்டை இடிக்கப் போகிறார்கள் சார், அதுதான் வேலை.

அடையாறு ஆற்றோரம் எங்கள் தெரு மொத்தமும் ஆக்கிரமிப்பாம். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருகிறார்களாம். லிஃப்ட் கிடையாது. என் வீட்டுக்காரர் பெயிண்டர், சாரத்திலிருந்து விழுந்தவர். ஊன்றுகோலோடு சமதரையில் எங்கே வேண்டுமானாலும் போவார். படி ஏற மட்டும் கால் வராது. பஸ், வேலை எல்லாம் எப்படியோ சமாளிப்பேன். அந்தப் படிதான் பயம்.

செய்ய வேண்டியது: ரேஷன் கார்டு நகல். இவருக்கு மாத்திரை. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தது.

ஜூன் 11, புதன்

புழுக்கம். தெருவிலிருந்து எல்லோரும் கோர்ட்டுக்குப் போனோம். மதியச் சாப்பாடு தாண்டித்தான் கூப்பிட்டார்கள். எங்கள் வக்கீல் பேசினார், அரசாங்க வக்கீல் பேசினார், ஜட்ஜ் பேசினார். எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பார்டர், டிசைன், டிஸ்கவுண்ட், அவ்வளவுதான். ‘ரிவர்’ புரிந்தது. எங்கள் ஆறுதான்.

போகும்போதே வக்கீலின் ஜூனியர் பையனிடம் கேட்டேன், தமிழில் பேசக் கூடாதா என்று. “கீழ் கோர்ட்டுல பேசலாம்மா. பெரிய கோர்ட்டுல இங்கிலீஷ்தான், சட்டமே அப்படி. வெள்ளக்காரன் போன பாதி ஒலகத்துல இதே கததான்.” சொல்லிவிட்டு போனை நோண்டப் போய்விட்டான்.

கடைசியில் ஜட்ஜ் லேசாகச் சிரித்தார். எங்கள் வக்கீல் இடுப்பு வளையக் குனிந்து ஏதோ நன்றி சொன்னார். அரசாங்க வக்கீல் சும்மா தலையாட்டினார்.

பக்கத்து வீட்டு மீன்கார கன்னியம்மா அக்கா என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டது. “நம்மாளு எப்டி குனிஞ்சிகினு தேங்ஸ் சொல்றாரு பாத்தியா? ஜட்ஜு நம்ம பக்கந்தான்டி!”

அப்படித்தான் தோன்றியது. கேட்டது கிடைக்காமல் எவனாவது நன்றி சொல்வானா? வக்கீல் அங்கி பறக்க அடுத்த ஹாலுக்கு ஓடினார். “சாயங்காலம் பேசறேன்மா” என்றார். பேசவில்லை. போனும் எடுக்கவில்லை. நாங்கள் கேசரி கிண்டித் தெருவெல்லாம் கொடுத்துவிட்டோம்.

ஜூன் 12, வியாழன்

கடையில் கல்யாணக் கூட்டம். கால் வீக்கம்.

வீட்டுக்கு வந்தால் வாசக்கதவு நீலம்! விழுந்த பிறகு பிரஷ்ஷைத் தொடாத மனுஷன், பழைய டப்பாவைத் தேடி எடுத்து அடித்திருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. மத்தியானம் வீடு ஒதுக்குகிற ஆபீசர் வந்தாராம். மாற்றுத்திறனாளி என்பதால் இவருக்கு ஒரு தரைத்தள வீடு எடுத்து வைத்திருக்கிறாராம். இன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும், விட்டால் குலுக்கல்தான் என்றிருக்கிறார்.

“இன்னா சொன்ன?” என்றேன்.

“கேஸு ஜெயிச்சிட்டோம் சார், எங்களுக்கு இன்னாத்துக்கு வூடு, வேற யாருக்காச்சும் குடுன்னேன். மீதி கேசரியும் குட்தேன். துன்னுட்டுதான் போனாரு.”

சிரித்தேன். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஜூன் 13, வெள்ளி



வக்கீல் இன்று போனை எடுத்தார். கேஸ் தள்ளுபடி. இம்மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

“அப்ப ஏன் சார் குனிஞ்சு நன்றி சொன்னீங்க?”

“தீர்ப்பு எப்படி வந்தாலும் நன்றி சொல்லணும்மா. அது கோர்ட் மரியாதை. எல்லா வக்கீலும் அப்படித்தான். நாள் வேற வாங்கிக் குடுத்திருக்கேனே.”

அவர் பேச்சில் தப்பு இல்லை. அதுதான் எரிச்சல். யாரைத் திட்டுவது?

ஒதுக்கீட்டு ஆபீசுக்கு ஆட்டோ பிடித்து ஓடினோம். அதே ஆபீசர். பாவம், அவருக்கே சங்கடம். “நேத்தே வேற ஆளுக்குக் குடுத்தாச்சும்மா. நீங்கதான வேணாம்னீங்க.” இவர் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஜூன் 16, திங்கள்

மழை மாதிரி வந்து போய்விட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குப் பட்டு காட்டினேன். நல்ல தமிழ். பேச்சுவாக்கில் கோர்ட் கதையைக் கொட்டிவிட்டேன். “எங்க ஊர்லயும் கோர்ட்டுல இங்கிலீஷ்தான். ஆனா எனக்குத் தமிழ்தான் வரும்னு சொன்னா பக்கத்துல ஒருத்தர் நின்னு தமிழ்ல சொல்லுவாங்களே. இங்க இல்லையா?” என்றார்.

கடல் தாண்டிப் போனால் தமிழில் சொல்ல ஆள் உண்டாம். பஸ்ஸில் போன எனக்கு இல்லை. அந்த ஒரு ஆள் அன்றைக்கு நின்றிருந்தால் போதும். பில் போடும்போது கலரை மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

ஜூன் 20, வெள்ளி

குலுக்கல். எங்களுக்கு மூன்றாவது மாடி. கன்னியம்மா அக்காவுக்கு முதல் மாடி. தன்னுடையதை மாற்றித் தருகிறேன் என்று அழுதது. மாற்றக் கூடாதாம். மாற்றினாலும் படி படிதானே.

கட்ட வேண்டியது: பாத்திரம், மிக்சி, சாமி படம், இவர் பிரஷ்கள். பிரஷ் வேண்டாம் என்றார். சுருட்டித் துணிக்குள் வைத்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

வந்துவிட்டோம். புதுச் சுண்ணாம்பு நாற்றம். குழாயில் தண்ணீர் வருகிறது, அது ஒன்று. இவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து லாரி ஆட்கள் நாலு பேர் தூக்கிவந்தார்கள். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இறக்கி வைத்ததும் ஆட்களுக்குக் குனிந்து கும்பிடு போட்டார். அவர்கள் போய்விட்டார்கள்.

ஜன்னல் வழியாகக் கீழே டீக்கடையை எட்டிப் பார்த்தார். அப்புறம், “ஏறுறதுக்கு முன்னாடி கீழ ஒரு டீ குட்ச்சிருக்கலாம் செல்வி” என்றார்.

பிளாஸ்க்கில் வாங்கி வரட்டுமா என்றேன்.

“கடையில நின்னு குடிக்கணும்.”