கெண்டைக்கால் துடிப்பும் பழைய பூட்டும்

பெர்சிஸ்,

செங்கோட்டைக்குச் சித்தியைப் பார்க்கப் போகிறேன். ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். நெத்திலிக் குழம்பு அடுப்பின்மேல் இருக்கிறது. சாரல் விழுந்தால் மாடித் துணியை எடுத்துவிடு.

நேற்று கெண்டைக்காலைக் காட்டி, "அப்பாவுக்கும் இப்பிடித்தானம்மா துடிச்சுது, மறைக்காத" என்று அழுதாய். நான் பாதியில் எழுந்து போனது தப்புதான். ஆனால் எதையும் மறைக்கவில்லை. அப்பாவைக் கொண்டுபோன நோய் இது இல்லை. உன் கைகால் பலமும் நரம்புப் பரிசோதனையும் சரியாக இருக்கின்றன என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்தத் தசைகள் கூடுதலாக உழைப்பதால் துடிக்கலாமாம். அந்தத் தொடர்பு இன்னும் உறுதியாகவில்லை, ஆபத்தில்லை என்பது மட்டும் உறுதி என்றார். யார் வீட்டுக்கு வந்தாலும், "ஏட்டி, கட்டைவிரல வளைச்சுக் காட்டு" என்பாரே அப்பா, அந்த வளைவுதான். அது என்னிடமிருந்து வந்தது, அவரிடமிருந்து இல்லை.

அம்மா

பி.கு: அப்பாவுக்கு முதலில் போனது கைப்பலம். அப்போதிருந்த வாசல் பூட்டு ரொம்ப இறுக்கம். சாவியைத் திருப்ப முடியாமல் என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கே பூட்டை மாற்றினோம். இன்று வேண்டுமென்றே அந்தப் பழைய பூட்டைப் போட்டு, சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீயே திறந்து உள்ளே வந்துதானே இதைப் படிக்கிறாய்?