அளவு கேக்காம அனுப்புன கார்டு

சிவன்மலை ஆண்டவர் துணை

அனுப்பர்பாளையம்
கார்த்திகை 6, சனிக்கெழமை

என்ற மகன் தரணீதரனுக்கு அம்மா எழுதிக்கறது. நானும் உங்கப்பாவும் ஜனனியும் இங்க ஒரு கொறையுமில்லாம இருக்கறம். நீயும் மருமகளும் பேரன் ரித்தீஷும் அந்தக் கனடாக் குளுருல காய்ச்சல் கீய்ச்சல் இல்லாம இருக்கோணும்னு பொழுதோட வெளக்கு வெக்கறப்ப ஆண்டவன்கிட்டச் சொல்லிட்டுத்தான் இருக்கறேன். சொகம் விசாரிச்சாச்சு. இனி வையப் போறேன், உக்காந்து படி.

போன்லயே சொல்லலாமேன்னு கேப்ப. போன்ல நான் ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள மீட்டிங் இருக்குதும்மா, அப்பறம் கூப்புடறேன்னு வெச்சுப் போடற. கடுதாசியை அப்பிடி வெக்க முடியாது பாரு. லீவுக்கு வந்த உன்ற கூட்டாளி சசிகுமாரு நாளைக்குக் கெளம்பறான், நீ அவங்கிட்டக் குடுத்து உட்ட கார்டுப் பெட்டிக்குள்ளயே இதை வெச்சு அவங்கிட்டயே குடுக்கறேன். ஆமா, பெட்டி திரும்பி வருது. கார்டும் உள்ளதான் இருக்குது, சுத்தியிருந்த பிளாஸ்டிக் கவருகூடக் கசங்கல. நீயே உன்ற கம்ப்யூட்டர்ல மாட்டி நல்லா வெளையாடு சாமி, எங்களுக்கு வேண்டாம். கூடவே ஊத்துக்குளி நெய்யி ஒரு டப்பா வெச்சிருக்கறேன், அது உனக்கில்ல, ரித்தீஷுக்கு.

மொதல்ல இருந்து சொல்றேன், உனக்குப் பாதிதான் தெரியும். ஐப்பசி பத்தாந்தேதி திங்கக்கெழமை காலையில ஜனனி கம்ப்யூட்டரைப் போட்டா, படம் கோடு கோடா ஓடுச்சு, சித்தெ நேரத்துல மொத்தமா இருட்டாயிருச்சு. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரிப்பேர் கடை வெச்சிருக்கற லிங்கசாமி ஊட்டுக்கே வந்து கழட்டிப் பாத்துட்டு, படம் காட்டற கார்டு போயிருச்சுங்கம்மான்னாரு. சில பெட்டியில கார்டு இல்லீன்னாலும் படம் வருமாம், நம்முளுது அப்பிடி இல்லியாம். உன்ற தங்கச்சிக்கு அந்தப் பெட்டிதான் பொழப்பு. கொழந்தைங்க பனியன்ல நெஞ்சுல வருதே யானை, கரடி, அதெல்லாம் அவ அதுலதான் வரையறா. நேரம் பாத்து அப்பத்தான் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல ஆறு படம் கேட்டிருந்தாங்க. பதினஞ்சு நாள்ல குடுக்கோணும், வெளிநாட்டுக்காரனுக்குப் புடிச்சுதுன்னா இனி அந்த ஆபீஸ் படமெல்லாம் இவளுக்கேன்னு சொல்லியிருந்தாங்க. மூணு வருஷமா கம்பெனி கம்பெனியா ஏறி எறங்குன புள்ளைக்கு மொத மொதல்ல ஒரு கதவு தொறந்துது, அன்னைக்குப் பாத்துக் கம்ப்யூட்டரு படுத்துக்கிச்சு.

அவ அழுதுட்டு உக்காரல. என்ற இஞ்ச் டேப்பை எடுத்தா. பெட்டிக்குள்ள கைய உட்டு நீளம் எத்தன ஒசரம் எத்தன தடிமன் எத்தனன்னு அளந்து, பனியனுக்கு சைஸ் சார்ட் போடறாப்பல ஒரு பேப்பர்ல படம் போட்டு எழுதுனா. ஆறே முக்கால் இஞ்சுக்கு மேல நீளம் ஆகாது, ஒசரத்துல பாதிக் கார்டுதான் நிக்கும், கரண்டுப் பெட்டி சின்னது அதனால தனியா ஒயரு கேக்கற கார்டு கூடாது, மானிட்டரு பழசு அதோட ஒயரு நீல மூக்கு சொருகற ஓட்டை இருக்கோணும். எல்லாத்துக்கும் கீழ காத்தாடி இல்லாத கார்டுன்னு எழுதி ரெண்டு கோடு இழுத்தா. காத்தாடி ஏன் கண்ணு ஆகாதுன்னு கேட்டேன். பக்கத்து ரூம்பிலதானம்மா எட்டு ஓவர்லாக் தையல் மிஷின் ஓடுது, பறக்கற பஞ்சையெல்லாம் காத்தாடி உள்ள இழுத்துக்குது, பழைய கார்டு அதுல மூச்சு முட்டித்தான் செத்துதுன்னா. லிங்கசாமி சின்ன இடுக்கியில புடிச்சு இழுக்கறாரு, பஞ்சு மெத்தையாட்டம் திரண்டு வருது கண்ணு, கொழந்தைக்குத் தலகாணி தெக்கலாம். அவரு கடையிலயே இவ கேட்ட மாதிரி ஒரு செகண்ட் ஹேண்ட் கார்டு கெடந்துது, உள்ளங்கை அகலம், சீப்பு மாதிரி இரும்புப் பல்லு, காத்தாடி கெடையாது, அவ கையில இருக்கற காசுக்கே அடங்கும். பொழுதோட போயி வாங்கறதுன்னு இருந்தா. அதுக்குள்ளதான் நீ வீடியோவுல வந்த.

நீ உங்கப்பாகிட்டத்தான் பேசுன. பழைய கார்டெல்லாம் குப்பைப்பா, நான் புதுசா நல்லதா வாங்கி சசிகிட்டக் குடுத்து உடறேன், ரெண்டு வாரம் பொறுங்கன்ன. ஜனனி ஏதோ அளந்து வெச்சிருக்கறாளேன்னு அவரு சொல்ல வாயெடுத்தாரு. அவளுக்கு என்னப்பா தெரியும் கார்டைப் பத்தின்னு சிரிச்ச. அப்பறம் என்ற கதைக்கு வந்த. அம்மா ஆயுத பூசைக்குச் சந்தனம் அப்பி மஞ்சத்தண்ணி தெளிச்சிருப்பாங்க, அதுலதான் போயிருக்கும்னு சொல்லி அப்பனும் மகனும் ஒரே சிரிப்பு. நான் அடுப்படியில இருந்தேன், செவுடு இல்ல. ஜனனி உங்கப்பா முதுகுக்குப் பின்னாலயே நின்னுட்டு இருந்தா, போன்ல உனக்குத் தெரிஞ்சிருக்காது, ஒரு கையில டேப்பு, ஒரு கையில அந்தப் பேப்பரு. பேப்பரை நாலா மடிச்சா, டேப்பைச் சுத்துனா, ரெண்டையும் தையல் மிஷின் டிராயருக்குள்ள போட்டு மூடிட்டு, வெளிய கொடியில துணி எடுக்கப் போயிட்டா. துணி இன்னும் காயவே இல்ல.

என்ற சந்தனத்தைப் பத்தி நீ பேசுனதுக்கு இப்பச் சொல்றேன் கேட்டுக்க. வருஷா வருஷம் ஓவர்லாக்குக்கு வெக்கறேன், கட்டிங் மிஷினுக்கு வெக்கறேன், உங்கப்பா டிவிஎஸ்ஸுக்கு வெக்கறேன், ஒண்ணாவது செத்துச்சா? நீ கனடாவுக்குப் போறப்ப உன்ற நெத்தியில வெச்சனே, நீ நல்லாத்தான இருக்கற? கார்டைக் கொன்னது பஞ்சு. நெத்தியில துண்ணூறு வெச்சுட்டுப் பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பஞ்சுக்குள்ள ஒரே ஒரு செவ்வந்தி எதழு இருந்துது. ஒண்ணே ஒண்ணு. லிங்கசாமியே அதனால ஒண்ணுமில்லீங்கன்னுட்டாரு. இருந்தாலும் அடுத்த வருஷம் பூவை மேசைக்கு வெச்சுக்கறேன், போதுமா?

அண்ணன் அனுப்பறேங்கறான், பழசு எதுக்குன்னு உங்கப்பா ஒரே புடியா நின்னுட்டாரு. அவருக்கு நீ சொன்னா அது ஆண்டவன் உத்தரவு. அவ எதுத்துப் பேசறவ இல்ல. பதிமூணு நாளு காத்திருந்தா. பிரிண்டிங் பட்டறையில மத்தியானம் அவிய சோறு திங்கப் போற நேரம் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் குடுத்தாங்க, அதுல ஓடி ஓடி ரெண்டு படம் முடிச்சா. ஞாயித்துக்கெழமை சசிகுமாரு உன்ற பெட்டியைக் கொண்டாந்தான். செவ்வாக்கெழமை படம் குடுக்கோணும். பிரிச்சுப் பாத்தா, ஏன் சாமி, அது கார்டா? முழங்கை நீளம், செங்கல்லு கனம், மூணு காத்தாடி! நம்ம ஊட்டு ஹால்லயே ஒரு காத்தாடிதான் தொங்குது. ஜனனி டேப்பு வெச்சா, பன்னெண்டரை இஞ்சு. நீல மூக்குக்கு ஓட்டையும் இல்ல, ஒயரு மட்டும் தனியா ரெண்டு கேக்குது. உன்ற மனசுல இருக்கறது நீ காலேஜ்ல வெச்சிருந்த அந்தப் பெரிய பெட்டி. அது நீ கனடா போன மறுவருஷமே போயிருச்சு, தகரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. இது ஜனனி தன்ற சம்பாத்தியத்துல எடுத்த சின்னப் பெட்டி, ஒரு ஆபீஸ் மூடறப்ப வாங்குனது, டிபன் தட்டு அகலத்துல மேசை மேல படுத்துக் கெடக்கும். நீ போயி எட்டு வருஷமாச்சு தரணி. நடுவுல ரெண்டு தடவ வந்த. ரெண்டு தடவயும் அது அங்கயேதான் கெடந்துது, அது மேலதான் உன்ற கார் சாவியை வெச்ச.

உங்கப்பா பண்ணுனதைக் கேளு. முப்பது வருஷம் கட்டிங் மேசையில நின்னவரு, இரும்பு அறுக்கற ஆக்சா பிளேடை எடுத்துட்டு வந்துட்டாரு. பக்கவாட்டுத் தகரத்தை அறுத்து உட்டா வெளிய நீட்டிட்டு நிக்கும், என்ன இப்பன்னாரு. பென்சில்ல கோடே போட்டுட்டாரு. நான் போயி பிளேடைப் புடுங்கி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சேன். ஏனுங்க, மகன் குடுத்துட்டாங்கறதுக்காக மக பொழப்பை அறுப்பீங்களான்னு கேட்டேன். கல்யாணமாகி இத்தன வருஷத்துல அவர அப்பிடிக் கேட்டதில்ல. உக்காந்துட்டாரு.

திங்கக்கெழமை காலையில நானும் ஜனனியும் லிங்கசாமி கடைக்கு ஓடுனோம். அந்தக் கார்டு போன வாரமே வித்துப்போச்சு. அந்த நிமிசம் நீ மட்டும் எதுக்க நின்னிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல. எம்மூஞ்சியைப் பாத்துட்டு லிங்கசாமி, காதர்பேட்டையில அக்பர் பாய்னு ஒரு பனியன் யாவாரி பழைய பில்லு போடற கம்ப்யூட்டரை மாத்தறாரு, அதுல இதே காத்தாடி இல்லாத கார்டுதான், போயிக் கேளுங்கன்னாரு. போனோம். அந்த மனுசன் ஒரு கேள்விதான் கேட்டாரு, என்ன அளவும்மான்னு. அளவுதான் கேட்டாரு கண்ணு, அவளைப் பாத்துக் கேட்டாரு. இவ பேப்பரு இல்லாமயே மடமடன்னு சொன்னா. பாய் உள்ளிருந்து கழட்டிக் கொண்டாந்து, பஞ்சுக்குள்ள பொழைக்கறது இதுதாம்மா, காத்தாடி வெச்சதெல்லாம் எங்ககிட்ட ரெண்டு செத்துப்போச்சுன்னாரு. கடையிலயே மாட்டி அரை மணி நேரம் ஓட உட்டு, சூட்டைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் இவ காசை எடுத்தா. காசு வாங்கிட்டு ஒரு கைக்குட்டைக் கட்டையும் கையில திணிச்சாரு. சிவன்மலை ஆண்டவன் அன்னைக்குக் காதர்பேட்டையில பனியன் வித்துட்டு இருந்தாருன்னுதான் நான் சொல்லுவேன்.

மத்தியானம் மாட்டுனா, படம் வந்துது. உக்காந்தவ எந்திரிக்கல, நான்தான் சோத்தை ஊட்டி உட்டேன். அப்படியும் செவ்வாக்கெழமைக்கு நாலு படம்தான் முடிஞ்சுது. மிச்சம் ரெண்டையும் அந்த ஆபீஸ்ல வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. அந்த ரெண்டும் உன்ற கணக்குலதான் கெடக்குது. ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி தங்கச்சிகிட்டக் கேட்டிருந்தா ஆறும் அவளுது. எடை பாக்காம நூல் வாங்கற ஊரா இது? சின்னக் கொழந்தைக்கு ஜட்டி தெக்கறதுக்கே அளவு எழுதி, சேம்பிள் தெச்சு, அனுப்பி, ஓகே வாங்கித்தான் துணியில கத்திரி வெக்கறம். அந்தக் காசுலதான் நீ படிச்ச. படிச்சுட்டுக் கடல் தாண்டிப் போயி, பொறந்த ஊட்டுக்கு அளவு கேக்காம சாமான் அனுப்பற. நல்ல மனசுலதான் அனுப்புன, இல்லீங்கல. விலை ஒசந்ததுன்னு சசிகுமாரு சொன்னான். ஒசந்ததை வாங்கத் தெரிஞ்ச உனக்கு, அவ என்ன கேக்கறாங்கறதைக் காது குடுத்துக் கேக்கத் தெரியல. எனக்கு வயிறு எரியறது அதுக்குத்தான், கார்டுக்கில்ல.

நேத்து வெள்ளிக்கெழமை ஆபீஸ்ல இருந்து சேதி வந்துது. நாலுல மூணு புடிச்சுப் போச்சாம். சைக்கிள் ஓட்டற யானைப் படத்துக்குத்தான் நெறைய பீஸு ஆர்டராம். அடுத்த சீசனுக்கும் பேசறேன்னிருக்காங்க, ஆனா மொதல்ல சொன்னாப்பல எல்லாம் உனக்கேன்னு இப்பச் சொல்லல. ஜனனி சிரிச்சா. உங்கப்பா அந்தப் பென்சில் கோட்டை ஈரத்துணியில தொடச்சுட்டு இருந்தாரு, பாவமா இருந்துது, காப்பி போட்டுக் குடுத்தேன். உன்னைப் பத்தி அவ ஒரு சொல்லு தப்பாப் பேசல. அண்ணனுக்குத் தெரியாதும்மா, உடுங்கன்னுட்டா. அவ உட்டுட்டா, நான் உடல.

மருமகளைக் குளுருக்குக் காதை மூடிக்கச் சொல்லு. நெய்யைப் பையனுக்குச் சோத்துல உருக்கி ஊத்தச் சொல்லு, ரொட்டியில தடவி வீணாக்க வேண்டாம். நீ வேலை வேலைன்னு கண்ணைக் கெடுத்துக்காத. சனிக்கெழமையாவது தலைக்கு எண்ணெய் வெய்யி.

அந்த யானை போட்ட சேம்பிள் பனியன் ஒண்ணு என்ற கையில இருக்குது. ரித்தீஷுக்கு எடுத்து வெச்சு, பெட்டிக்குள்ள போடப் போயி, கைய எடுத்துட்டேன். நீங்க வந்துட்டுப் போறப்ப அவனுக்கு ரெண்டு வயசு, எனக்கு அந்த அளவுதான் தெரியும், கை அதே அளவுலதான் துணியைப் புடிக்குது. இப்ப அவன் எத்தன ஒசரம், நெஞ்சு எத்தனன்னு எனக்குத் தெரியல கண்ணு. நானும் உன்னை மாதிரிப் பழைய அளவுக்கு அனுப்ப மாட்டேன். அதுக்குப் பதிலா ஜனனி டிராயர்ல போட்ட பேப்பரை எடுத்து இதுக்குள்ள வெச்சிருக்கறேன், நாலா மடிச்ச மடிப்பு அப்பிடியே இருக்குது. பிரிச்சு முழுசாப் படி. படிச்சுட்டு அந்தப் பையனை நிக்க வெச்சு டேப்பைப் புடிச்சு அளந்து, என்கிட்டயோ உங்கப்பாகிட்டயோ இல்ல, ஜனனியைக் கூப்புட்டு அளவைச் சொல்லு. சொன்னாப் பனியன் வரும்.

நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம, நெறைஞ்ச ஆயுசோட இருக்கோணும். சசிகுமாரு கையில துண்ணூறுப் பொட்டலம் குடுத்திருக்கறேன், நெத்தியில வெச்சுக்குங்க, ஒண்ணும் ரிப்பேர் ஆகாது. அளவு சொல்ல மறந்துராத.

கோவம் இன்னும் ஆறாத உன்ற அம்மா,
குழந்தையம்மாள்